போதைக் கடத்தல் தலைவனுக்கு ஏன் இத்தனை கண்ணீர்? மெடலின், குலியகான், கிங்ஸ்டன் குறித்து ஒரு கேள்வி

வைகைக்கரையான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். 1993 டிசம்பர் 2 அன்று கொலம்பியாவின் மெடலின் நகரில் ஒரு வீட்டுக் கூரையின்மேல் கொக்கெய்ன் கடத்தல் தலைவர் பாப்லோ எஸ்கோபார் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் நடந்த இறுதி ஊர்வலத்தில் பல்லாயிரம் பேர் திரண்டு, சவப்பெட்டியை ஒருமுறையாவது தொட்டுவிட வேண்டும் என்று முண்டியடித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலைச்சரிவுக் குடியிருப்புகளிலிருந்து இறங்கி வந்த ஏழைகள். 1989 நவம்பரில் ஒரு பயணிகள் விமானத்தைக் குண்டு வைத்துத் தகர்த்து, அதிலிருந்த 107 பேரையும் பலிகொண்டதும் இதே மனிதரின் கும்பல்தான். அடுத்த பத்து நாள்களுக்குள் தலைநகர் பொகோட்டாவில் புலனாய்வுத் துறைத் தலைமையகத்தின் வாசலில் வெடிமருந்து ஏற்றிய வண்டியை வெடிக்கச் செய்து அறுபது பேர் அளவில் மாய்த்ததும் அந்தக் கும்பலே.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, அவர் ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தார், விளையாட்டுத் திடல் அமைத்துக் கொடுத்தார், ஆகவே நன்றி காட்டினார்கள் என்பதுதான். எனக்கு அந்த விடை போதவில்லை. நம் ஊர்களில் தேர்தலுக்குத் தேர்தல் பணமும் பொருளும் வாங்கிக்கொள்ளும் மக்கள், கொடுத்தவரைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவதில்லை. வாங்கியதை வாங்கிக்கொண்டு வாக்கை வேறொருவருக்குப் போடவும் தெரிந்தவர்கள் அவர்கள். மெடலின் மக்கள் மட்டும் அவ்வளவு எளிதில் மயங்கிவிட்டார்கள் என்று நம்புவது அவர்களை இழிவுபடுத்துவதாகும் என்று தோன்றுகிறது. அப்படியானால் இந்தப் பற்று எதிலிருந்து வருகிறது? அச்சமா, நன்றியா, அல்லது பாட்டும் சினிமாவும் பின்னால் சேர்த்த பொய்யா? விவரம் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

செங்காந்தள் எழுதியது:

தங்கள் ஐயம் நியாயமானது. கொடையை மட்டும் பார்த்தால் கணக்கு இடிக்கும். அந்தக் கொடை எந்த இடத்தில், எந்த நேரத்தில் வந்து விழுந்தது என்று பார்க்க வேண்டும்.

கொலம்பியாவில் 1948-க்குப் பிறகு பத்தாண்டுகள் நீடித்த உள்நாட்டுக் கட்சிச் சண்டையில் ஊரை விட்டு ஓடிவந்த விவசாயிகளும், அதன்பின் பிழைப்புத் தேடி வந்தவர்களும், மெடலின் பள்ளத்தாக்கின் சரிவுகளில் பலகையும் தகரமும் வைத்துக் குடிசை போட்டார்கள். நகரத்தைத் தாங்கிய துணி ஆலைகள் 1970-களில் தள்ளாடத் தொடங்கியபோது, இவர்களின் பிள்ளைகளுக்கு ஆலை வாசலும் அடைபட்டது. 1977-இல் நகராட்சி மொராவியா என்ற பகுதியைத் தன் அதிகாரப்பூர்வக் குப்பைமேடாக ஆக்கியது. லாரிகள் கொட்டக் கொட்டக் குப்பை மலையாக உயர்ந்தது. பொறுக்கிப் பிழைத்தவர்கள் அந்த மலையின் மேலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். அரசு அவர்களுக்குத் தந்தது நாள்தோறும் வந்த குப்பை லாரிதான் என்று சொன்னால் அது மிகையாகாது.

‘குடிசையில்லா மெடலின்’ என்ற முழக்கத்துடன் எஸ்கோபார் அங்கேதான் வந்து நின்றார். குப்பைமேட்டுக் குடும்பங்களுக்காக நகரின் கிழக்குச் சரிவில் 443 வீடுகள் எழுந்தன. அந்தக் குடியிருப்பு இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. அதன் முகப்புச் சுவரில் அவருடைய முகத்தோடு வரவேற்பு வாசகம் தீட்டியிருக்கிறார்கள். இது தருமம் அல்ல, அரசியல் முதலீடு. 1982-இல் அவர் நாடாளுமன்றக் கீழவையின் மாற்று உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1983 ஏப்ரலில் நாட்டின் முன்னணி வார இதழ் ஒன்று அவரை அந்த வட்டாரத்தின் ராபின் ஹூட் என்று எழுதியது. பட்டத்தைச் சூட்டியது தலைநகரத்துப் பத்திரிகை என்பதைக் கவனியுங்கள். குப்பைமேட்டு மக்களின் வாயில் பிறந்த பட்டம் அல்ல அது. சில மாதங்களில் வேறொரு நாளிதழ் அவர் 1976-இல் கொக்கெய்ன் வழக்கில் கைதான பழைய செய்தியைத் தோண்டி எடுத்து மறுபடி அச்சிட்டது. அவரை வெளிப்படையாக எதிர்த்த நீதித்துறை அமைச்சர் ரோட்ரிகோ லாரா போனியா 1984 ஏப்ரல் 30 அன்று கொல்லப்பட்டார். செய்தியை வெளியிட்ட நாளிதழின் ஆசிரியர் கியேர்மோ கானோ 1986 டிசம்பரில் கொல்லப்பட்டார்.

என் பார்வையில் முதன்மையான காரணம் ஒன்று உண்டு. அதைப் பலரும் பேசுவதில்லை. கொக்கெய்ன் ஏற்றுமதிச் சரக்கு. மயாமியிலும் நியூயார்க்கிலும் இருப்பவன் மூக்கில் உறிஞ்சுகிறான், அவன் பணம் மெடலினுக்கு வருகிறது. நம்மூர்க் கந்துவட்டிக்காரர் கோயிலுக்கு எத்தனை கும்பாபிஷேகம் செய்வித்தாலும் தெருவில் யாரும் அவரை வாழ்த்துவதில்லை, ஏனெனில் அது யார் வீட்டுத் தாலிச் சங்கிலி என்று எல்லோருக்கும் தெரியும். எஸ்கோபாருக்கு அந்தச் சிக்கலே இல்லை. கொடுப்பவர் தங்களிடமிருந்து எடுக்கவில்லை என்பதால், வாங்கியவர்களுக்கு அந்தப் பணத்தில் கறை தெரியவில்லை.

அடுத்தது காவல்துறை. அவர் காவலர் தலைக்கு விலை வைத்தார்; 500-க்கும் மேற்பட்ட காவலர்கள் மாண்டார்கள். விலைக்குக் கொன்றவர்கள் சரிவுக் குடியிருப்புகளின் பதின்வயதுப் பையன்கள். முதல் சம்பளத்தில் தாய்க்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்கி, அதைச் சந்து வழியாகத் தோளில் சுமந்து ஏற்றிக் கொண்டுபோய் வைத்த பையன்கள்; வேலைக்குக் கிளம்பும் முன் சபனேத்தா தேவாலயத்தில் மாதாவை வணங்கிவிட்டுப் போன பையன்கள். பதிலடியாக அந்தத் தெருக்களில் நுழைந்தவர்கள் குற்றவாளி யார், தெருமுனையில் சும்மா நின்றவன் யார் என்று பிரித்துப் பார்க்கவில்லை. 1991-இல் மட்டும் மெடலினில் 6,000-க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. மகனைக் காவல்துறையிடம் இழந்த தாய்க்கு, அந்த மகனைக் கொலைக்கு அனுப்பியவரைவிட அவனைச் சுட்ட சீருடையே அருகில் தெரிந்தது.

நெய்தல்நாடன் எழுதியது:

செங்காந்தள் சொன்ன ஏற்றுமதிக் கருத்து மெக்சிகோவின் சினலோவா மாநிலத்துக்கு இன்னும் நன்றாகவே பொருந்தும். அங்கே மலைக்குடிகள் பணத்தைக் கையால் வாங்கியவர்கள் மட்டுமல்லர், சரக்கையும் விளைவித்தவர்கள். எல் சாப்போ என்று உலகம் அறிந்த கடத்தல் தலைவர் ஹோவாகின் குஸ்மான் பிறந்த பதிராகுவாதோ வட்டாரத்தில் கசகசாச் செடி பல தலைமுறையாகக் குடும்பப் பயிர். பிஞ்சுக் காயைக் கீறி, வடியும் பாலை மறுநாள் காலையில் சுரண்டி எடுக்கும் வேலையைப் பிள்ளைகள் நடக்கப் பழகிய கையோடு கற்றுக்கொள்கிறார்கள். சாலையில்லாத மலையிலிருந்து தக்காளியைச் சந்தைக்கு இறக்குவதற்குள் அது கூழாகிவிடும். அபினோ வீடு தேடி வந்து வாங்கப்பட்டது. 1970-களின் பிற்பகுதியில் அரசு அந்த மலைக்கு வந்தது. ஆனால் மருந்து தெளிக்கும் ஹெலிகாப்டர்களோடும் படையினரோடும்தான் வந்தது. பல சிற்றூர்கள் காலியாயின. பெரிய வணிகர்கள் குவாதலஹாரா நகரத்துக்குக் குடிபெயர்ந்து முன்னிலும் பெரிதாக வளர்ந்தார்கள். அடி வாங்கியவன் பயிரிட்டவன். அந்த நினைவு பாட்டி வாயிலிருந்து பேரன் காதுக்கு வந்துகொண்டே இருக்கிறது.

சினலோவாவின் தலைநகரான குலியகானில், மாநில அரசு அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், ஹெசூஸ் மால்வெர்தேயின் பச்சை நிறச் சிறுகோயில் இருக்கிறது. 1909-இல் தூக்கிலிடப்பட்டதாகச் சொல்லப்படும் கொள்ளைக்காரர் அவர். அப்படி ஒருவர் வாழ்ந்தார் என்பதற்கே உறுதியான ஆவணம் கிடையாது, திருச்சபையும் அவரைப் புனிதராக ஏற்கவில்லை. உள்ளே கறுத்த மீசையும் கழுத்தில் கட்டிய கைக்குட்டையுமாக ஒரு மார்பளவுச் சிலை; சுவரெங்கும் நன்றிப் பலகைகள், குழந்தைகளின் புகைப்படங்கள், ஒட்டிவைத்த டாலர் நோட்டுகள். அங்கே வந்து வேண்டுபவர்களில் கடத்தல்காரர்கள் ஒரு பகுதியினரே. எல்லை தாண்டி வேலைக்குப் போகும் பிள்ளைக்காக வேண்டும் தாயும், பிரசவம் நல்லபடி முடிந்ததற்கு நன்றி சொல்ல வந்த தம்பதியரும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். ஆகவே கடத்தல் தலைவர்கள் ஒரு புதிய வீரக் கதையைப் படைக்கவில்லை. ஏற்கெனவே இருந்த கோயிலின் நிழலில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

பாட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். புரட்சிக் காலம் முதல் வழங்கிவரும் கதைப்பாடல் வடிவத்தையே கடத்தல்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். பல பாடல்கள் கூலிக்கு எழுதப்பட்டவை: பணம் கொடுத்தால் பெயரும், பிறந்த ஊரும், வைத்திருக்கும் துப்பாக்கியின் வகையும் பாட்டில் ஏறும். நம் பழைய புலவர்கள் வள்ளல்களைப் பாடிப் பரிசில் பெற்றதை நினைத்துக்கொண்டால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 2011-இல் சினலோவா ஆளுநர் மதுக்கடைகளில் இத்தகைய பாடல்களுக்குத் தடை விதித்தார். பாடல்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. 2025 ஏப்ரலில் தெஸ்கோகோ நகரத்துத் திருவிழாவில் ஒரு பாடகர் அவற்றைப் பாட மறுத்தபோது, கூட்டம் மேடையேறி இசைக்கருவிகளை உடைத்தது.

மறுப்பாளன் எழுதியது:

இருவரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கொண்டாடுபவர்களின் குரல் மட்டுமே நமக்குக் கேட்கிறது என்பதை இருவரும் கடந்துபோய்விட்டீர்கள்.

2014 பிப்ரவரியில் குஸ்மான் கைதானபோது, அவரை விடுவிக்கக் கோரிக் குலியகானில் வெள்ளை உடையணிந்து நூற்றுக்கணக்கானோர் இசைக்குழுவோடு ஊர்வலம் போனார்கள். உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் அதைக் காட்டின. அதே 2014-இல், அதே சினலோவாவின் வடபகுதியில், காணாமற்போன பிள்ளைகளைத் தேடும் தாய்மார் ஒன்றுசேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். அவர்கள் மண்வெட்டியோடும் நீண்ட இரும்புக் கம்பியோடும் வயல்வெளிக்குப் போகிறார்கள். மண் இளகியதாகத் தெரியும் இடத்தில் கம்பியை அடித்து இறக்கி, உருவி எடுத்து, அதன் நுனியை முகர்ந்து பார்க்கிறார்கள். பிண வாடை அடித்தால் தோண்டுகிறார்கள். இப்படித் தேடிய தாய்மார் சிலர் மெக்சிகோவின் பல பகுதிகளில் கொல்லப்பட்டும் இருக்கிறார்கள். பேசினால் உயிர் போகும் ஊரில், பேசாதவர்களை எல்லாம் பக்தர் கணக்கில் சேர்ப்பது எந்த ஊர் நியாயம்?

‘சமூகம் கொண்டாடுகிறது’ என்று எழுதும் முன், அந்தச் சமூகத்தில் யார் கொண்டாடுகிறார்கள், யார் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறார்கள் என்று கேளுங்கள்.

நெய்தல்நாடன் எழுதியது:

மறுப்பாளன் ஐயா சொல்லும் தாய்மார்களைப் பற்றி நான் எழுதியிருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சம் ஒன்றே காரணம் என்றால், அச்சம் குறையாத போதே பற்று குறைவது எப்படி? 2024 ஜூலையில் சினலோவாக் கடத்தல் கும்பலின் மூத்த தலைவர் இஸ்மாயேல் சம்பாதா அமெரிக்காவில் பிடிபட்டார். செப்டம்பரில் அவருடைய ஆட்களுக்கும் குஸ்மானின் மகன்களுடைய ஆட்களுக்கும் குலியகான் தெருக்களிலேயே போர் மூண்டது. மாதக்கணக்கில் கடைகளும் பள்ளிகளும் அடைபட்டன. 2025 ஜனவரியில் கார் பறிக்க வந்தவர்கள் ஒரு தந்தையையும் அவருடைய இரு சிறுவர்களையும் சுட்டுக் கொன்றபோது, ஆயிரக்கணக்கானோர் வெள்ளை உடையணிந்து தெருவில் இறங்கினார்கள். ஒரு பகுதியினர் ஆளுநர் அலுவலகத்துக்குள்ளேயே புகுந்தார்கள். துப்பாக்கிகள் முன்னைவிட அதிகமாகத் திரிந்த நாள்கள் அவை.

இன்னொன்றும் உண்டு. ஃபென்டனில் என்ற செயற்கைப் போதைப்பொருள் வந்தபின் அபினின் விலை மலையில் சரிந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் வேதிப்பொருளைக் கொண்டு செய்யும் சரக்குக்குக் கசகசாத் தோட்டமும் வேண்டாம், மலைக்குடியானவனும் வேண்டாம். அவனால் தலைவனுக்கு ஆகவேண்டியது எதுவுமில்லை என்றானபின், தலைவன் அவன் ஊர்த் திருவிழாவுக்குச் செலவு செய்வானா? 2020-இல் கொரோனா முடக்கத்தின்போது குஸ்மானின் மகளுடைய நிறுவனம் குஸ்மானின் முகம் அச்சிட்ட பெட்டிகளில் எண்ணெயும் சர்க்கரையும் அரிசியும் வைத்து முதியோருக்குக் கொடுத்ததைப் படம் பிடித்து வெளியிட்டார்கள். கொடுத்தது குவாதலஹாரா நகரத்தில்; பதிராகுவாதோ மலையில் அல்ல.

வைகைக்கரையான் எழுதியது:

மிகுந்த நன்றி. ஒரு துணைக் கேள்வி. அரசு எட்டிப் பார்க்காத இடத்தில்தான் இத்தகைய வீரன் முளைக்கிறான் என்பதே உங்கள் எல்லோரின் எழுத்துக்கும் அடியில் இருப்பதாகப் படுகிறது. அரசு இருக்கும் இடத்தில் இது நடந்ததே இல்லையா?

கரும்பலகை எழுதியது:

நடந்திருக்கிறது. ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனின் மேற்குப் பகுதியில் உள்ள டிவோலி கார்டன்ஸைப் பாருங்கள். 1960-களில் ஒரு பெரிய சேரியை இடித்துவிட்டு, அன்றைய அமைச்சர் எட்வர்ட் சியாகாவின் முயற்சியால் அரசுப் பணத்தில் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு அது. மெடலின் குப்பைமேட்டோடு ஒப்பிட்டால் அரசு அங்கே தாராளமாகவே கொடுத்தது. ஆனால் வீடுகள் ஆளுங்கட்சிக்காரர்களுக்கே போயின. அந்தத் தொகுதி அதன்பின் பல தேர்தல்களில் ஏறத்தாழ ஒருமுகமாக ஒரே கட்சிக்கு வாக்களித்தது. வாக்கைக் காக்கவும் எதிர்க்கட்சிக்காரனை அண்டவிடாமல் தடுக்கவும் கட்சிக்கு ஆயுதமேந்திய ஆள் வேண்டியிருந்தது. அவனைக் கட்சியே வளர்த்தது. பிறகு கொக்கெய்ன், கஞ்சாக் கடத்தல் வருமானம் வந்தபோது அந்த ஆளுக்குக் கட்சியின் பணம் தேவைப்படவில்லை. கட்சிக்குத்தான் அவன் தேவைப்பட்டான்.

கிறிஸ்டோபர் கோக் இப்படித் தந்தையிடமிருந்து அதிகாரத்தைப் பெற்றவர்; மக்கள் அவரை ‘பிரெசிடென்ட்’ என்றே அழைத்தார்கள். பள்ளி திறக்கும் பருவத்தில் பிள்ளைகளுக்குப் புத்தகமும் சீருடையும் அவர் பெயரில் வரும். குடியிருப்புக்குள் திருட்டும் வன்புணர்ச்சியும் நடக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். மீறியவனுக்கு அடியோ குண்டோ கிடைக்கும். நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வழக்கை மாலைக்குள் முடித்து வைப்பவர் மேல் மதிப்பு வருவது இயல்பே, தண்டனை தன் வீட்டுக் கதவைத் தட்டாத வரையில். அவருடைய நிறுவனத்துக்கு அரசு ஒப்பந்தங்களும் கிடைத்தன.

2009 ஆகஸ்டில் அமெரிக்கா அவரை ஒப்படைக்கக் கேட்டது. அந்தத் தொகுதியின் உறுப்பினராகவும் நாட்டின் பிரதமராகவும் இருந்தவர் ஒருவரே, புரூஸ் கோல்டிங். ஒன்பது மாதங்கள் இழுத்தடித்தபின் 2010 மே மாதத்தில் அவர் இணங்கினார். அப்போது வெள்ளை உடையணிந்த பெண்கள் ஊர்வலம் போனார்கள். இயேசு எங்களுக்காக இறந்தார், நாங்கள் இவருக்காக இறப்போம் என்று ஓர் அட்டையில் எழுதியிருந்தது. சில நாள்களில் படை நுழைந்தது. 70 பேர் அளவில் உயிரிழந்தனர். கோக் அங்கே இல்லை; ஜூன் 22 அன்று ஒரு போதகரின் காரில், தலையில் பெண்கள் அணியும் பொய்முடியோடு பிடிபட்டார். 2012-இல் நியூயார்க்கில் அவருக்கு 23 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

ஆகவே அரசு இல்லாமையைவிட, அரசு எந்தக் கை வழியாக மக்களிடம் வந்து சேர்கிறது என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். வீட்டுச் சாவியும் வேலையும் ஒரு குறிப்பிட்ட ஆளின் கையைத் தாண்டித்தான் வரும் என்று பல பத்தாண்டுகள் பழக்கிவிட்டு, மக்கள் அந்தக் கையை முத்தமிடுகிறார்களே என்று அரசே வியந்துகொள்வது வேடிக்கை.

தாராவித் தமிழன் எழுதியது:

தாராவியில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். வரதராஜ முதலியார் போதைப்பொருள் தலைவர் அல்லர். கள்ளச்சாராயமும் துறைமுகச் சரக்குத் திருட்டும் அவர் தொழில். தூத்துக்குடியிலிருந்து பம்பாய்க்குப் போய் விக்டோரியா ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கியவர். எங்கள் பெரியவர்கள் இன்றும் அவரை மரியாதையோடுதான் பேசுவார்கள். மாட்டுங்கா நிலையத்தருகே அவர் நடத்திய பிள்ளையார் சதுர்த்திப் பந்தலை வருணிக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள். ஆனால் அவருடைய சாராயத்தைக் குடித்தவர்கள் எங்கள் தெருக்காரர்களே. செங்காந்தள் சொல்லும் ஏற்றுமதி இங்கே எங்கே இருக்கிறது?

செங்காந்தள் எழுதியது:

நல்ல கேள்வி. இரண்டு விஷயங்கள் அங்கே வேறு. பம்பாயில் மதுவிலக்கு இருந்த காலத்தில் தாராவியில் சாராயம் காய்ச்சுவது பல குடும்பங்களின் அன்றாடப் பிழைப்பு. குடித்தவர் அந்தத் தெருவென்றால் கூலி வாங்கியவரும் அந்தத் தெரு. அதைவிட முக்கியமானது, 1960-களின் இறுதியில் தென்னிந்தியருக்கு எதிரான கிளர்ச்சியில் கடையும் ஆளும் தாக்கப்பட்டபோது, தமிழனுக்கு ஒரு ஆள் இருக்கிறார் என்ற எண்ணம் எத்தனையோ சாராய மரணங்களை மறக்கச் செய்திருக்கும். காவல்நிலையத்தில் தன் மொழியில் முறையிட முடியாதவனுக்குப் பாதுகாப்புத்தான் முதல் கொடை. டிவோலியில் கரும்பலகை காட்டியதும் இதையே.

மறுப்பாளன் கேட்டது பற்றியும் ஒன்று. 2019 பிப்ரவரியில் மெடலின் நகராட்சி எஸ்கோபாரின் மொனாக்கோ மாளிகையை வெடிவைத்துத் தகர்த்து, 1983 முதல் 1994 வரை மாண்ட 46,612 பேரின் நினைவாக அங்கே ஒரு பூங்கா அமைத்தது. அவர்களில் பலருடைய குடும்பங்கள் அதே நகரத்தில்தான் இருக்கின்றன. இன்று எஸ்கோபார் முகம் போட்ட குவளையை வாங்குபவர்களில் வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்கள் ஏராளம். அத்தகைய பொருள்களின் விற்பனையைத் தடுக்க 2024-இல் கொலம்பிய நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவே கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், அவர் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவுசெய்ய ஒரு நிறுவனம் கேட்டதை ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் மறுத்தது. ஏழைகளுக்கு அவர் செய்திருக்கக்கூடிய நன்மையைவிடக் கடத்தலும் அதனால் விளைந்த குற்றங்களுமே மக்கள் நினைவில் நிற்கின்றன என்பது தீர்ப்பின் சாரம். குப்பைமேட்டிலிருந்து இறங்கி வந்து வீடு பெற்ற கிழவி சுவரில் அவர் படத்தை மாட்டிவைத்திருப்பதையும், பதிவுக்கு விண்ணப்பம் போடும் நிறுவனத்தையும் ஒரே ‘வீர வழிபாடு’ என்ற தலைப்பில் நாம் சேர்த்து எழுதுவதை முதலில் நிறுத்த வேண்டும். கிழவிக்குக் காரணம் இருக்கிறது. அதோடு நாம் வாதாடலாம். மற்றவருக்கு இருப்பது வியாபாரம்.